உணவறை மேசையில் ஓர் அச்சகம்



1905ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிற்சி அதிகாரியாக வந்து சேர்ந்தவர் லெனாட் வூல்ஃப். பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து, 1911இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர், பதவியைத் துறந்து, மறு ஆண்டு வேர்ஜீனியா என்னும் எழுத்தாளரை மணந்தார். இவ்விருவரும் கூடி நடத்திய தொழிலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மணமான மறு ஆண்டே வேர்ஜீனியாவைக் கடுமையான மனநோய் பீடித்தது. எழுதும் வேலை உள்ளத்தை ஓயவிடுவதில்லை. கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தால் மனம் சற்று ஆறும் என்று கணவர் கருதினார். அச்சுத்தொழில் கற்பிக்கும் பள்ளியொன்றை அணுகினர். அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆயினும் 1917 மார்ச்சில், ஏறத்தாழ 19 பவுன் செலவில் சிறியதொரு கை அச்சியந்திரமும் எழுத்துக்களும் வாங்கி, றிச்மண்டில் தாம் வாழ்ந்த ஹோகார்த் இல்லத்தின் உணவறை மேசைமீது வைத்தனர். பதினாறு பக்கச் சிறுநூலொன்றே அவர்களுக்கு ஆசான்.

லெனாட்டுக்கோ கைநடுக்கம். ஈய எழுத்துக்களைப் பொறுக்கிக் கோப்பது அவரால் ஆகாத காரியம். ஆகவே எழுத்துக் கோப்பது மனைவி. இயந்திரத்தை இயக்குவது கணவர். இந்தப் பாகப்பிரிவினையை எந்தச் சட்டத்தரணியும் எழுதிக் கொடுக்கவில்லை! முதல் நூலில் ஆளுக்கொரு கதை. 150 பிரதிகள், இலாபம் சுமார் 7 பவுன். கணக்கைச் சதம் பிசகாமல் எழுதிவந்தவர் லெனாட். கச்சேரி தந்த பழக்கமாக இருக்கலாம்.

பணத்தினும் பெரிய ஆதாயம் ஒன்றுண்டு. 1922 முதல் வேர்ஜீனியாவின் நாவல்கள் யாவும் இங்கிலாந்தில் சொந்த அச்சகத்தின் வெளியீடாகவே வந்தன. பிற பதிப்பாளரின் விருப்பு வெறுப்புக்கு அஞ்சி ஒரு வரியையேனும் மாற்றவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

ஆனால் தொழில் வளர வளர, மருந்தாக வந்தது சுமையாயிற்று. பிறர் எழுதிய கையெழுத்துப் பிரதிகளை வேர்ஜீனியா படிக்கவேண்டும்; பொதிகளும் கட்டவேண்டும். உதவிக்கு வந்த இளைஞர் சிலர் லெனாட்டின் கண்டிப்புக்கு ஈடுகொடுக்க மாட்டாது விலகினர். வீட்டுக்குள் தொழில் நடத்துவோர் இவ்விடத்தை நன்கு அறிவார்கள்: கதவை அடைத்துவிட்டு வீடு செல்ல வழியில்லை, கடையே வீடு.

1938இல் வேர்ஜீனியா தம் பாதிப் பங்கை ஜோன் லேமன் என்பவருக்கு விற்றார். பங்காளித்துவம் முடிந்தது, இல்லறம் நீடித்தது. 1941 மார்ச்சில் அவர் மறைந்தார். எழுதி வைத்திருந்த இறுதி நாவல் அவ்வாண்டு யூலையில், லெனாட் எழுதிய சிறு குறிப்புடன், அதே அச்சகத்திலிருந்து வெளிவந்தது.