வேலை நிற்காமல் கட்டுப்பாட்டுக் கணினியை மாற்றும் முறை



நம்மிடம் தோட்டப் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் ஓர் அலுவலகத்தில் கணினிப் பொறுப்பாளராக இருக்கிறார். பல தோட்டங்களின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் அலுவலகம் அது. சில ஆண்டுகளுக்கு முன், மாதத்தின் 5ஆம் நாள், ஒரு சனிக்கிழமை, அங்கிருந்த ஒரே கட்டுப்பாட்டுக் கணினியைப் புதுப்பிக்க அவர் முற்பட்டார். வேலை பாதியில் நின்றது. புதியது ஓடவில்லை, பழையதற்குத் திரும்பவும் வழியில்லை. திங்கட்கிழமை காலையில் எழுத்தர்கள் சிலர் தங்கள் கணினிக்குள் நுழைந்தார்கள். ஆனால் சம்பளக் கோப்பு ஒன்றையும் திறக்க முடியவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தத் திங்கட்கிழமைதான் ஏழாம் நாள். தொழிலாளர்களின் கையில் பணம் சேர்ந்ததோ புதன்கிழமை மாலையில்.

"சார், நான் இயந்திரத்தைத்தான் மாற்றினேன்; அதன் பின்னால் இத்தனை வீட்டு அடுப்பு இருப்பது தெரியாமல் போயிற்று" என்று அவர் பின்னர் நம்மிடம் சொன்னார். இதுபோன்ற வேலையை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதை இன்று காண்போம்.

முதலில், கட்டுப்பாட்டுக் கணினி என்பது என்ன? ஆங்கிலத்தில் இதனை டொமைன் கண்ட்ரோலர் என்பார்கள். தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் கிராணி செக்ரோலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுகிறார். பெயர் இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் கூலி. அலுவலக வலையமைப்பில் அந்தக் கிராணியின் வேலையைச் செய்வதே இந்தக் கணினி. பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, இன்னார் இன்ன கோப்பைத் திறக்கலாம் என்பதற்கு ஆதாரமாக நிற்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி என்ற பெயரேடுதான் இங்கே செக்ரோல்.

அப்படியானால் அந்தத் திங்கட்கிழமை சிலர் மட்டும் எப்படி நுழைந்தார்கள்? ஒரு கணினியில் முன்பே நுழைந்தவர்களின் அடையாளத்தை அந்தக் கணினி தனக்குள் குறித்து வைத்திருக்கும். அந்தக் குறிப்பு வாசலைத் திறக்கும். வேறு கணினியில் உள்ள கோப்பறையைத் திறக்காது.

நன்றாக ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான பொது ஆதரவு 2023ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் முடிந்தது. 2016 பதிப்புக்கு 2027ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் இறுதி நாளாகக் குறிக்கப்பட்டது. ஆதரவு முடிந்தபின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத் திருத்தங்கள் தாமாக வந்து சேர்வதில்லை. எல்லாப் பெயர்களையும் வைத்திருக்கும் கணினியை அந்த நிலையில் விடுவது, சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போவதற்குச் சமம்.

இனி முறைக்கு வருவோம். முதல் விதி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரே கணினியின்மேல் கை வைக்காதீர்கள் என்பது. புதிய கிராணி வந்த அன்றே பழையவரை ரயிலேற்றி விடுவோமா? இருவரும் சில நாள் பக்கத்தில் நின்று பெயர் கூப்பிடுவார்கள் அல்லவா? அதுபோலப் புதிய கணினியைப் பழையதன் பக்கத்தில் சேர்க்க வேண்டும். பெயரேட்டின் நகல் தானாகவே புதியதற்கு வந்து சேரும். எப்போதும் குறைந்தது இரண்டு கட்டுப்பாட்டுக் கணினிகள் இருந்தால், ஒன்று படுத்தாலும் மற்றொன்று பெயர் கூப்பிடும்.

இரண்டாவது, கணக்கெடுப்பு. பழைய கணினியின் முகவரியை நம்பியிருப்பவை எவை? நகலெடுக்கும் இயந்திரம், கம்பியில்லா இணைப்பு, சம்பள மென்பொருள், கதவுப் பூட்டு ஆகிய ஒவ்வொன்றையும் தாளில் எழுதுங்கள். மாற்றத்திற்குப் பிறகு தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் இவையே. பெயரைக் கொண்டு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் வேலையையும் வழக்கமாக அதே கணினிதான் பார்க்கும். ஆகவே, மற்றக் கணினிகளுக்குப் புதிய டிஎன்எஸ் முகவரியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, உடல்நலச் சோதனை. டிசிடயாக், ரெப்அட்மின் என்ற இரு கட்டளைகள், இருக்கும் கணினிகள் நலமா, அவற்றிடையே நகல் பரிமாற்றம் ஒழுங்காக நடக்கிறதா என்று காட்டும். பிழை இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். நோயை வைத்துக்கொண்டு வீடு மாறினால் நோயும் கூடவே வரும்.

நான்காவது, பதிப்புகளின் பொருத்தம். இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழங்காலத்து எஃப்ஆர்எஸ் என்ற கோப்புப் பரிமாற்ற முறை இன்னும் ஓடினால், 2019 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ சேர்க்க முடியாது. முதலில் டிஎஃப்எஸ்ஆர் முறைக்கு மாற வேண்டும். 2025 பதிப்பைச் சேர்க்க, பெயரேட்டின் செயல்நிலை 2016ஆக உயர்ந்திருக்க வேண்டும். 2012 ஆர்2 கணினி உள்ளே இருக்கும்வரை அந்த நிலைக்கு உயர்த்த இயலாது. ஆகவே அத்தகைய இடத்தில் 2022 பதிப்போடு நிற்கலாம்; அல்லது அதைப் படியாகக் கொண்டு பழையதை நீக்கி, செயல்நிலையை உயர்த்தி, பிறகு 2025க்கு ஏறலாம்.

ஐந்தாவது, காப்பு நகல். எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று தனி இடத்தில் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். நம் மாணவரிடமும் காப்பு நகல் இருந்தது; அதை மீட்டுப் பார்த்தவர்தான் இல்லை.

இவ்வளவும் முடிந்தபின் புதிய கணினியைச் சேர்க்கலாம். நகல் முழுமையாக வந்ததா என்று சோதித்த பிறகே அடுத்த படி. கட்டுப்பாட்டுக் கணினிகள் யாவும் ஏறக்குறையச் சமமானவை என்றாலும், ஐந்து சிறப்புப் பொறுப்புகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரே கணினிதான் வைத்திருக்க முடியும். பெட்டிச் சாவி ஒருவரிடம்தானே இருக்கும்? அந்தச் சாவிகளை முறைப்படி புதியதற்குக் கைமாற்ற வேண்டும். பழையது உயிரோடு இருக்கும்போதே செய்தால் சில நிமிட வேலை. இவற்றுள் பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பு நேரத்தையும் பார்த்துக்கொள்கிறது. கணினிகளின் கடிகாரம் 5 நிமிடத்துக்குமேல் வேறுபட்டால் வழக்கமான அமைப்பில் அடையாளச் சோதனை தோற்கும். ஆகவே புதியது சரியான நேரத்தைப் பெறுகிறதா என்று பாருங்கள்.

அடுத்ததுதான் ஒத்திகை. பழையதை உடனே கழற்றி எறியாமல், சில நாள் மின்சாரத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். யாராவது "நகலெடுக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை" என்று வந்தால், பழையதை மீண்டும் முடுக்கிவிட்டுக் குறையைத் தீர்க்கலாம். ஆனால் மாதக்கணக்கில் அணைத்து வைத்துப் பிறகு உயிர்ப்பிக்கக் கூடாது. வழக்கமாக 180 நாட்களுக்குமேல் விலகியிருந்த கணினி, அழிக்கப்பட்ட பெயர்களைத் திரும்பக் கொண்டுவரக் கூடும். ஒத்திகை முடிந்ததும் பழையதை மீண்டும் ஓடவிட்டு, முறையாகப் பொறுப்பிலிருந்து விலக்க வேண்டும். செயல்நிலையை உயர்த்துவது இந்த விலக்கலுக்குப் பின்னரே.

கடைசியாக, நாள் பார்த்தல். நல்ல நேரம் பார்ப்பதைச் சொல்லவில்லை. சம்பள வாரத்திலும் தேர்வு மதிப்பெண் பதியும் வாரத்திலும் இந்த வேலை வேண்டாம். எந்தப் படியில் தவறினால் எங்கே திரும்புவது என்று எழுதி வையுங்கள். அலுவலகத்தாருக்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

நம் மாணவர் இரண்டாம் முறை இவ்வாறே செய்தார். மாதத்தின் நடுவில் தொடங்கினார். மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். ஒருவருடைய வேலையும் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. "எப்போது மாற்றினீர்கள்?" என்று எழுத்தர்கள் கேட்டார்களாம். அந்தக் கேள்வியைத் தமக்குக் கிடைத்த நற்சான்றாக அவர் எடுத்துக்கொண்டார். நாமும் அப்படியே கருதுகிறோம்.