பொங்க வேண்டியது கிண்ணத்திலே!

(முகச்சவரத்துக்கு நுரை பொங்க வேண்டியது கிண்ணத்திலா? முகத்திலா? என்ற தலைப்பில், 'கிண்ணத்திலே' என்ற அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியிலே மழமழன்னு வந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, காவேரிக் கரை மோகனூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே டி.வி. முன்னாலே உட்கார்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே!

தலைப்பைக் கேட்டதும் என் வீட்டு அம்மா கேட்டாங்க: "ஏனுங்க, நாட்டிலே வேற பிரச்சினையே இல்லீங்களா?" (சிரிப்பு). இருக்கு. ஆனா ஆம்பளைக்குத் தினமும் காலையிலே எழுந்ததும் வர்ற முதல் பிரச்சினை இதுதான். வள்ளுவரே 280-ஆம் குறளிலே மொட்டையையும் சடையையும் பற்றிப் பேசியிருக்கார். உலகம் பழிக்கிறதை விட்டுட்டா ரெண்டுமே வேண்டாம்னார். நாம இன்னும் அதை விடலை. அதனாலே சவரம் பண்ணித்தான் ஆகணும்! (கைதட்டல்)

ஐயா, எதிரணித் தலைவர் சொன்னார்: "பிரஷ்ஷை முகத்திலே வச்சுச் சுழற்றினால்தான் முடி நிமிர்ந்து நிற்கும், கத்திக்குப் பதமா இருக்கும்" என்று. பாதி உண்மை. பிரஷ் முடியைத் தூக்கி விடும், நான் மறுக்கலை. ஆனா முடியைப் பதமாக்குவது எது? தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரை முகத்திலே தொட்டு ரெண்டு மூணு நிமிஷம் ஊறவிட்டா முடி தண்ணியைக் குடிச்சு மெத்துனு ஆகும். கிண்ணத்திலே நுரை கட்டுற அந்த ரெண்டு நிமிஷம் இருக்கே, அதுதான் முகம் ஊறுற நேரம். அங்கே நுரை, இங்கே ஊறல். ஒரே நேரத்திலே ரெண்டு வேலை!

நுரை என்பது என்ன? சோப்பு, தண்ணி, காத்து. இந்த மூணும் அளவாச் சேரணும். சுண்டைக்காய் அளவு கிரீமைக் கிண்ணத்திலே போடுங்க. ஈரப் பிரஷ்ஷாலே சுத்துங்க. சொட்டுச் சொட்டாத் தண்ணி விடுங்க. பெரிய பெரிய குமிழியா வந்தா, அது நுரை இல்லை, வெறும் காத்து, இன்னும் சுத்தணும். கெட்டித் தயிர் மாதிரி, பிரஷ்ஷைத் தூக்கினா கூம்பா நிக்கணும். பொங்கலன்னிக்கு நம்ம வீட்டுத் தாய்மார்கள் பானையிலே பொங்கவிட்டு இலையிலே பரிமாறுறாங்க. இலையிலேயே யாராவது பொங்க வைக்கிறாங்களா? (பலத்த கைதட்டல்)

அடுத்து, தண்ணி. நம்ம பக்கத்திலே பல வீட்டிலே போர்வெல் தண்ணி. சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த உப்புத் தண்ணியிலே சோப்பு நுரைக்காது. திரிஞ்சு வெள்ளை வெள்ளையாப் படியும். ஆத்துத் தண்ணியிலே குளிச்சவனுக்குத் தெரியும் வித்தியாசம். அந்தத் திரிசல் கிண்ணத்திலே தெரிஞ்சா கீழே கொட்டிட்டு வேற தண்ணி எடுக்கலாம். முகத்திலே தெரிஞ்சா? முகத்தையா கொட்ட முடியும்? (சிரிப்பு)

எதிரணி நண்பர் இன்னொரு கேள்வி கேட்டார்: "சலூன்காரர் முகத்திலேதானே சுத்துறார்?" ஆமாங்க. அது முப்பது வருஷம் பழகின கை. எங்கே அழுத்தணும், எங்கே தடவணும்னு அந்தக் கைக்குத் தெரியும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுற என் கைக்குத் தெரியாதே! ஆனா ஒண்ணு: கிண்ணமோ முகமோ, பிரஷ் அவரவர் பிரஷ்ஷா இருக்கட்டும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர்க் காலத்திலே, சரியாச் சுத்தம் பண்ணாத குதிரைமுடிப் பிரஷ்ஷாலே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் நோய் வந்து செத்தவங்க உண்டு. எதிரியின் குண்டுக்குத் தப்பினவன் சவரப் பிரஷ்ஷுக்குத் தப்பலை!

கடைசியா, என் வீட்டுக் கதை ஒண்ணு சொல்லி முடிக்கிறேன்.

நானும் முகத்திலே நுரை கட்டுற கட்சிதானுங்க ஒரு காலத்திலே. எங்க அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துபோச்சு, பேச்சும் போச்சு. ஒரு வாரம் கழிச்சு, அவருக்குச் சவரம் பண்ணலாம்னு நான் உட்கார்ந்தேன். என் முகத்துக்குப் பண்ற மாதிரியே கிரீமைக் கன்னத்திலே பிதுக்கி, பிரஷ்ஷை வச்சு வேகமாச் சுத்தினேன். தொய்ஞ்சுபோன கன்னம் பிரஷ்ஷோடவே இழுபட்டது. அவர் ஒண்ணும் சொல்லலை. சொல்ல வாய் வரலையே! இடது கையாலே என் மணிக்கட்டைப் பிடிச்சார். பார்த்தேன், கண்ணிலே தண்ணி.

எங்க அம்மா அடுப்படியிலேர்ந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துட்டு வந்தாங்க. "கண்ணு, உன் மூஞ்சின்னா எரியும்போது நீயே நிறுத்துவே. அவருக்கு எரியுதுன்னு உனக்கு யார் சொல்லுவா? இதிலே கலக்கிட்டுப் போய்த் தடவு"ன்னாங்க. (அரங்கில் அமைதி)

சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ளே அந்தக் கிண்ணத்தை வச்சு, சூடு ஆறாம நுரை கட்டினேன். கோலமாவு தொட்டு வைக்கிற மாதிரி மெதுவாத் தடவினேன். அப்பா கண்ணை மூடிக்கிட்டார். பக்கவாதத்துக்கு அப்புறம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்குச் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசிலே நிக்காது. அன்னிக்கு ஒரு சொட்டு வரலை.

1888-லே இதே மோகனூரிலே பிறந்தவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. 1930-லே ராஜாஜி தலைமையிலே வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனவங்களுக்கு அவர் எழுதின பாட்டு, ஆயுதமும் ரத்தமும் இல்லாத ஒரு போரைப் பற்றினது. நம்ம சவரத்திலே கத்தியை விட முடியாது. ரத்தத்தையாவது விடலாமே! (கைதட்டல்)

நடுவர் ஐயா, தன் முகத்துக்குத் தானே பண்ணிக்கிறவர் எங்கே வேணும்னாலும் நுரை கட்டட்டும். ஆனா இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், என்னிக்காவது ஒருநாள் அப்பா முகம் கையிலே வரும். அன்னிக்கு நம்ம அவசரம், நம்ம அழுத்தம், நம்ம தப்பு எல்லாம் கிண்ணத்தோட போகட்டும்; அவர் முகத்துக்கு நுரை மட்டும் போகட்டும்.

எனவே, நுரை பொங்க வேண்டியது கிண்ணத்திலே, கிண்ணத்திலே, கிண்ணத்திலேதான் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.