உழைப்பும் படிப்பும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



ஒரு வேலையில் இருந்துகொண்டே மற்றொரு தொழிலுக்குப் படிப்பது எங்ஙனம் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். இதனைக் காலடிப்பேட்டையில் பேசுவது பொருத்தமே. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் பெயரால் நெசவாளர்களுக்கென எழுந்த காலெட்பேட்டையே மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. தறியை நம்பித் தோன்றிய ஊர், பின்னர் ஆலைச் சங்கொலி கேட்டு எழும் ஊராக மாறியது.

நம் தந்தையர் ஆலை வேலையை நிலையானது என்று நம்பினர். பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் வந்தபின், மூட்டை சுமந்த தோள்களுக்கு வேலை குறைந்தது. ஆதலின், இரண்டாவது தொழிலை நாடுவது பேராசையன்று, தற்காப்பு.

'படிக்க நேரம் ஏது?' என்று கேட்கிறீர்கள். அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால், 1946-இல் ஆலைத் தொழிலாளரின் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. நம் மாலைப் பொழுது எவரும் இட்ட பிச்சையன்று. போராடிப் பெற்ற சொத்து. அதனை வீணாக்கலாமா?

அண்ணலின் வாழ்வே நமக்குப் பாடம். இலண்டன் படிப்பு முடியாமல் 1917-இல் திரும்பிய அவர், 1918-இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் சிறுகச் சிறுகச் சேமித்தார். கோலாப்பூர் மன்னரின் உதவியும் நண்பரின் கடனும் சேர, 1920-இல் பதவியைத் துறந்து மீண்டும் இலண்டன் சென்றார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார், பாரிஸ்டராகவும் தாயகம் திரும்பினார். முதலில் உழைப்பு, பின்னர் சேமிப்பு, அதன்பின் படிப்பு என்று வரிசைப்படுத்தியதே அவரது திறம்.

இவ்வரிசையை அறியாமல் நாம் பட்ட துன்பத்தையும் சொல்ல வேண்டும். கிடங்கு ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தோம். தோற்றால் நகைப்பார்களோ என்று அஞ்சி வீட்டாரிடம் மறைத்தோம்; உறக்கத்தைக் குறைத்தோம். இரவு ஷிப்டு முடித்து நேரே தேர்வுக்குச் சென்று, வினாத்தாளின் மீதே கண்ணயர்ந்தோம். இரண்டு தாள்கள் போயின. அதன் பிறகே துணைவியாரிடம் உண்மையைச் சொன்னோம். அந்நாளில் பி.எட். ஓராண்டுப் படிப்பு, பகலில் கல்லூரிக்குச் செல்ல வேலையை விட நேர்ந்தது. அந்த ஓராண்டும் அவர் கட்டியிருந்த சீட்டுப் பணமே அடுப்பை எரித்தது. சான்றிதழில் நம் பெயர் மட்டுமே உள்ளது.

இளைஞர்களே! சேருமுன் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, பகல் வருகை வேண்டுமா, எத்தனை ஆண்டுகள் என்று விசாரியுங்கள். பி.எட். 2015 முதல் ஈராண்டுப் படிப்பாகிவிட்டது; ஈராண்டுச் செலவுக்கு முன்னரே வழி தேடுங்கள். வாரந்தோறும் ஷிப்டு மாறுவோர் கடிகார நேரத்தைப் பற்ற வேண்டா. உறங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தைப் படிப்புக்கு ஒதுக்குங்கள். உறக்கத்தை மட்டும் விற்காதீர்கள். தூக்கக் கலக்கத்தோடு இயந்திரத்தின் முன் நிற்பவன் விரலை இழப்பான். வேலைக்குச் செல்லும் நம் பெண்களுக்கு வீட்டிலும் ஒரு ஷிப்டு காத்திருக்கிறது. அவர்கள் படிக்கும்போது ஆண்கள் அடுப்படிக்குள் செல்வது இழிவன்று.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் படிப்பகம் இரவு எட்டு மணிக்குப் பூட்டப்படுகிறது. இரண்டாம் ஷிப்டு முடித்துப் பத்து மணிக்கு மேல் வருபவன், ஓர் அறைக் குடித்தனத்தில் உறங்கும் பிள்ளைகளுக்கு நடுவே எந்த விளக்கில் படிப்பான்? இருபத்தைந்து ஆண்டு கண்ட சங்கம் அந்த ஒரு பூட்டைத் திறந்து வைக்கட்டும். வாரம் ஓர் இரவு காவலிருக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம். உடன் வருவோர் இன்றே பெயர் கொடுங்கள்.