முகம் பார்த்துக் கற்கும் மொழி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபதாண்டுகளாக ரெயில்வே அலுவலகக் கோப்புகளோடு வாழ்பவன். "கைப்பேசியும் குழந்தைகளும்" என்னும் தலைப்பை எனக்களித்த செயலாளர் அவர்களுக்கு நன்றி. என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் இளைய மகள் கைப்பேசியில் தமிழ்ப் பாட்டு கேட்டே வளர்ந்தாள். திரையில் ஒலிப்பது தமிழ்தானே, ஜபல்பூரில் இருந்தாலும் மொழி வந்துவிடும் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். களைத்து வீடு திரும்பும் நான் அவளோடு பேசியதோ மிகக் குறைவு. சென்ற கோடையில் திருநெல்வேலிக்குச் சென்றபோது, என் தாயார் அவளை அணைத்து, "சாப்பிட்டியாம்மா?" என்றார். நான்கு வயதுக் குழந்தைக்குக் கேள்வி புரிந்தது. விடையோ இந்தியில் வந்தது. என் தாயாருக்கு இந்தி தெரியாது. அவர் முகம் வாடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

காரணம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பட்ரீஷியா கூல் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம், சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, 12 முறை கதை படித்தும் பொம்மை காட்டியும் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சை அதே அளவு திரையில் கண்ட குழந்தைகளோ கற்கவில்லை!

2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு நமக்கு ஆறுதல் தருவது. இரண்டு வயது கடந்த குழந்தைகள், முன்பே பதிந்த படத்திலிருந்து புதுச் சொற்களைக் கற்கவில்லை. ஆனால், காணொளி அழைப்பில் ஒருவர் தம்மைப் பார்த்துப் பேசி விடையளித்தபோது, நேரில் கற்பது போலவே கற்றனர். ஆகவே குறை கண்ணாடித் திரையில் இல்லை. மழலைக்கு மறுமொழி சொல்ல அங்கே ஆள் இல்லாமையே குறை.

உலக சுகாதார நிறுவனமும் 2019-இல், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளை உட்கார வைத்துத் திரை காட்டுதல் தகாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, அதிலும் குறைவே நன்று என்றும் அறிவுறுத்தியது.

இப்பொழுது எங்கள் வீட்டில் இரவு உணவு வேளையில் கைப்பேசிகள் அலமாரியில் உறங்கும். முதலில் வைப்பது என்னுடையதே. உணவு முடிந்தபின் ஒன்று மட்டும் ஆச்சியை அழைக்க எடுக்கப்படும். சென்ற வாரம் என் மகள் தானாகவே, "ஆச்சி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே எழவில்லை.

அன்பர்களே! சங்கத்தில் ஞாயிறு மாலைகளில் பெரியோர் கதை சொல்லக் குழந்தைகள் கேட்கட்டும்; இடையிடையே கேள்வியும் கேட்கட்டும். மொழியைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர இயலாது; பேசித்தான் தர வேண்டும்.