துளையும் சுருளும்

தனித்தனித் தாள்களைப் புத்தகமாக்கும் வழிகளில் தையல், பசை, பின் ஆகிய மூன்றும் பழையவை. தாள்களின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, அத்துளைகளின் வழியே ஒரே சுருளைத் திருகி ஏற்றும் ஸ்பைரல் பைண்டிங் அவற்றுக்குப் பின்னால் வந்தது. முன்னவை தாளின் ஓரத்தை முதுகோடு இறுக்கிப் பிடிக்கின்றன. ஸ்பைரல் பைண்டிங் தாளைச் சுழல விட்டுப் பிடிக்கிறது. இம்முறையின் நன்மைகளும் குறைகளும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

இந்தக் கட்டுமுறையும் நகல் பொறியும் சேர்ந்தே ஊர்களுக்குள் நுழைந்தன. சாதாரணத் தாளில் படியெடுக்கும் ஜெராக்ஸ் 914 பொறி 1959இல் அறிமுகமான பிறகு, அச்சகத்தின் துணையில்லாமலே நூறு பக்கங்களைப் படியெடுக்க முடிந்தது. அந்த நூறு பக்கங்களைக் கட்டவும் அச்சகம் தேவைப்படாத ஒரு வழி வேண்டியிருந்தது. அதனால்தான் ஜெராக்ஸ் கடை இருக்கும் இடங்களில் பெரும்பாலும் ஸ்பைரல் பொறியும் இருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து வடக்கே மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பொம்ம‌புர ஆதீனத்தின் மடம் அமைந்த பொம்மையார்பாளையமும் அதற்கு அப்பால் காலாப்பட்டும் உள்ளன. காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனமும் இயங்குகின்றன. கல்விக்கூடம் உள்ள இடத்தில் ஸ்பைரல் பொறிக்கு வேலை குறைவதில்லை. வகுப்புக் குறிப்பு, பழைய வினாத்தாள் தொகுப்பு, திட்ட அறிக்கை, ஆய்வேட்டின் முதல் வரைவு ஆகியவை சுருளில் கட்டப்படுகின்றன. திருத்தங்கள் முடிந்த இறுதிப் படி மட்டும் கெட்டி அட்டைக்குப் போகிறது.

துளையிட்டுக் கோக்கும் முறை தமிழருக்குப் புதிதன்று. புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. அந்நகரின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலையில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவது சுவடி மரபு. கயிறு துளையிலிருந்து நழுவாதபடி அதன் நுனியில் கிளிமூக்கு என்னும் ஓலைத் துண்டு முடியப்படும். சுருளின் இரு முனைகளையும் உள்நோக்கி மடக்குவது அதே கிளிமூக்கின் வேலையைத்தான் செய்கிறது.

கையால் இயக்கும் பொறியில் முக்கியமான உறுப்புகள் மூன்று: வரிசையாக நிற்கும் எஃகுக் குத்தூசிகள், அவை இறங்கும் துளைப்பலகை, அழுத்தும் நீண்ட கைப்பிடி. தாளை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைப் பக்கவாட்டில் உள்ள தடுப்பு தீர்மானிக்கிறது. துளைகள் பொதுவாக 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டங்கள். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். ஏ4 தாளின் நீண்ட பக்கத்தில் இவ்வாறு 46 துளைகள் அளவுக்கு விழும். தடுப்பு சரியாக நிற்காவிட்டால் முதல் துளையோ கடைசித் துளையோ தாளின் விளிம்பில் பாதியாக விழும். கிழிசல் அங்கிருந்தே தொடங்கும்.

துளையிடுமுன் தாள்களை மேசையில் தட்டி நான்கு ஓரங்களும் ஒன்றாக நிற்கச் செய்ய வேண்டும். முன்னே ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளும் பின்னே தடித்த அட்டையும் சேரும். சிறிய கைப்பொறியில் சாதாரண நகல் தாள் ஒரு தடவைக்கு 10 முதல் 12 வரை வைக்கலாம். அவசரத்தில் இருபது, இருபத்தைந்து என்று திணித்தால் குத்தூசி சாயும். அடித்தாள்களில் துளை பிசிறடிக்கும். பிளாஸ்டிக் தாளைத் தனியாக வைத்துக் குத்தினால் அது வழுக்கி நகரும். இரண்டு காகிதத் தாள்களுக்கிடையே வைத்தால் நிற்கும். எல்லாக் கற்றைகளையும் ஒரே பக்கம் பார்த்து, ஒரே தடுப்பில் முட்டவைத்துத் துளையிடுவதே அடிப்படை ஒழுங்கு. நடுவில் ஒரு கற்றை தலைகீழாகப் போனாலும் சுருள் அந்த இடத்தில் ஏறாது.

துளையிடும் ஓரத்தில் எழுத்து இருக்கக் கூடாது என்பது தட்டச்சு நிலையிலேயே கவனிக்க வேண்டியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் திட்ட அறிக்கை நெறிகள் இடப்பக்க ஓரத்துக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை கேட்பதற்கு இந்தக் கட்டுமானத் தேவையே காரணம்.

அடுத்தது சுருளைத் தேர்தல். நகல் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நூறு தாள்கள் ஒரு சென்டிமீட்டர் உயரும். புத்தகத்தின் தடிமனைவிட 3 முதல் 4 மில்லிமீட்டர் கூடுதலான விட்டமுள்ள சுருளே பொருந்தும். எனவே நூறு தாளுக்கு 14 மில்லிமீட்டர் சுருள் ஏற்றது. சிறிய சுருளில் பக்கங்கள் திரும்பாமல் முட்டி, துளைகள் அறுபடும். பெரிய சுருளில் தாள்கள் அங்குமிங்கும் சரிந்து புத்தகம் கோணும். கையிருப்பில் உள்ள சுருளுக்குப் புத்தகத்தைப் பொருத்த முயல்வதால் விளையும் கெடுதி இதுதான்.

ஏற்றும்போது முதல் நான்கைந்து வளையங்களைக் கையால் நுழைக்க வேண்டும். தடித்த புத்தகமானால் அதன் முதுகைச் சற்றுச் சாய்த்து, துளைகள் சுருளின் வளைவுக்கு ஏற்ப நிற்கும்படி செய்தால் சுருள் தடையின்றி ஓடும். ரப்பர் உருளை உள்ள மின்பொறியில் மீதி நொடிகளில் முடியும். உருளை இல்லாத இடத்தில் விரல்களே திருகுகின்றன. கடைசித் துளையைத் தாண்டியதும் சிறிது மிச்சம் விட்டு வெட்டி, குறடால் நுனியை உள்ளே மடக்க வேண்டும். மடக்காத சுருள் ஒவ்வொரு புரட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வெளியே வரும்.

உப்பளக் கடற்கரையில் இந்தத் தொழிலுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. உப்பு கலந்த ஈரக்காற்றில் இரும்புக் கம்பி விரைவில் துருப்பிடித்துத் தாளிலும் கறை படியச் செய்யும். பி.வி.சி. சுருளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பொறியின் குத்தூசிகள் எஃகாலானவை. வேலை முடிந்ததும் துகள் தட்டைக் காலிசெய்து, பொறியை மூடிவைத்து, அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் விட்ட பின் சில கழிவுத் தாள்களில் குத்திப் பார்த்தால் நல்ல தாளில் கறை விழாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்துத் துவளும். துளையின் ஓரம் சுத்தமாக வெட்டுப்படாது. தாள்கட்டைத் தேவைப்படும் வரை உறை பிரிக்காமல் வைப்பதே எளிய காப்பு. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் நடத்தும் கைக்காகித ஆலையின் தாள் போன்றவை தடித்தவை, ஓரம் சீரற்றவை. அவற்றை ஒரு தடவைக்கு ஓரிரண்டாகவே துளையிட வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு முறைகள் உண்டு. காம்ப் பைண்டிங்கில் செவ்வகத் துளைகளும், ஏ4 தாளுக்கு 21 பற்கள் கொண்ட பிளாஸ்டிக் முதுகும் பயன்படும். அதைத் திறந்து பக்கம் சேர்க்கலாம், முதுகில் பெயரும் எழுதலாம். ஆனால் புத்தகத்தை முழுவதும் பின்னால் மடக்க முடியாது. வைரோ என்னும் இரட்டைக் கம்பி முறையில் டைரிகளும் மேசைக் காலண்டர்களும் அழகாக அமையும். அந்தக் கம்பி ஒருமுறை நசுங்கினால் சரிசெய்ய முடியாது. சுருளோ நசுங்கினாலும் நிமிரும். விரித்தால் புத்தகம் மேசையில் தட்டையாகப் படுக்கும். ஒரு கையில் மடித்துப் பிடித்தும் படிக்கலாம். செய்முறைக் குறிப்பேடு, இசைப் பயிற்சி ஏடு, சமையல் குறிப்பு ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டு இல்லை. சுருள் ஏறும் சாய்வினால் இருபுறப் பக்கங்களும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. இரு பக்கங்களில் விரியும் படமோ வரைபடமோ உள்ள நூலுக்கு அதனால் இது ஒவ்வாது.

கழற்றி மாட்டக்கூடியது என்பதே இக்கட்டின் வலிமை, அதுவே அதன் வரம்பும் ஆகும். சுருளை உருவி ஒரு பக்கத்தை எடுத்து வேறொன்றைச் செருகினால் தடயம் தெரியாது. திருத்தம் வேண்டும் வரைவுக்கு இது வசதி. சான்றாக நிற்க வேண்டிய ஆவணத்துக்கு இது ஆபத்து. ஸ்பைரலில் கட்டிய ஒப்பந்தப்புள்ளிகளை ஏற்பதில்லை எனப் பல டெண்டர் அறிவிப்புகள் கூறுவது இதனால்தான். நூலகத்திலும் இது சங்கடம் தரும்: முதுகில் பெயர் இராது, அருகிலுள்ள நூலோடு சுருள் சிக்கும், முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் முதலில் அறுந்து உதிரும்.

எளிதில் கட்ட முடிவதால் முழு நூல்களையும் படியெடுத்துக் கட்டும் பழக்கமும் பரவியது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகல் கடை தயாரித்த பாடத்தொகுப்புகளை எதிர்த்து மூன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. டெல்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது. கற்பித்தலுக்காகத் தேவையான பகுதிகளைப் படியெடுப்பது பற்றியது அத்தீர்ப்பு. விற்பனைக்கு முழு நூலை நகலெடுக்க அது உரிமம் ஆகாது.

பயன் முடிந்த ஏட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் சுருளையும் பிளாஸ்டிக் முகப்பையும் பிரிக்க வேண்டும். மடக்கிய ஒரு நுனியை வெட்டி எதிர்ப்பக்கமாகத் திருகினால் சுருள் முழுதாக வெளிவரும். நுனியை ஒட்டி வெட்டியிருந்தால், சற்றே சிறிய புத்தகத்துக்கு அதே சுருளை மறுபடியும் ஏற்றலாம்.