பெய்ன் நதியும் நாமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கபுர்த்தலாவில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நம்பி வந்த நமக்கு அண்டையில் உள்ள நதி காலி பெய்ன். பஞ்சாபியில் காலி என்றால் கறுப்பு. (தமிழ்ப் பொருளும் ஒரு காலத்தில் அதற்குப் பொருந்தியே இருந்தது!) ஹோஷியார்பூர் மாவட்டத்தில் தோன்றி 160 கிலோமீட்டர் ஓடும் இந்நதியில்தான், சுல்தான்பூர் லோதியில், குருநானக் மூழ்கியெழுந்து ஞானம் பெற்றார் என்று சீக்கியர் போற்றுகின்றனர். அத்தகைய நதியையே ஊர்ச் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் மூடிவிட்டன.

2000-ஆம் ஆண்டில் சந்த் பல்பீர் சிங் சீச்சேவால் தாமே சேற்றில் இறங்கினார். அவர் பின்னே கிராமத்தார் இறங்கினர். கூலி கருதாத அப்பணிக்குக் 'கார் சேவை' என்று பெயர். களையைக் கையால் வாரிக் கரையேற்றினர், படித்துறை கட்டினர், மரம் நட்டனர், கழிவுநீரைக் குட்டையில் தேக்கித் தெளியவைத்து வயலுக்குத் திருப்பினர். 2006-இல் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக நேரில் வந்து கண்டார்.

நாம் செய்தது யாது? சென்ற ஆண்டு வர்ணம் பூசிய பிள்ளையாரை மேளதாளத்துடன் கரைக்குக் கொண்டு சென்றோம். முதிய சர்தார் ஒருவர் கைகூப்பி எதிரே நின்றார். வையவில்லை. "இந்தச் சேற்றை என் தலையில் சுமந்தேன், சகோதரர்களே" என்றார். நமக்கு நா எழவில்லை. பிள்ளையார் வந்த வண்டியிலேயே திரும்பினார்.

இவ்வாண்டு களிமண் பிள்ளையார். கரைப்பது காலனித் தோட்டத்துத் தொட்டியில். இதற்கு யாவரும் இசைந்துவிட்டீர்கள். கரையைத் துப்புரவு செய்ய வீட்டுக்கொருவர் என்று கேட்டதற்கோ, 42 வீடுகளில் 11 பெயர்களே வந்துள்ளன. பதிவேடு வாயில் மேசைமேல் இருக்கிறது. சிற்றுண்டிக்கு அவ்வழியே செல்ல வேண்டும்.