முப்பதாவது நாள்

பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் மயக்க மருத்துவர்கள் வந்திருக்கிறீர்கள். சிலர் இரவுப் பணி முடித்த கையோடு வந்திருப்பது முகத்திலேயே தெரிகிறது. மருந்தில்லாமல் தூங்கவைத்த பழி எனக்கு வேண்டாம். சுருக்கமாகவே பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி. வெங்காயக் காட்டில் வரப்பு தடுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. "நாளைக்கு ஆபரேஷன், ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தியேட்டருக்குள் அவர் வந்தது மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. முதுகில் ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் ரத்த அழுத்தம் சரிந்தது. சலைனை வேகமாக ஓடவிட்டு, எஃபெட்ரின் கொடுத்து மீட்டோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. 'சிக்கல் இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றிரவு பாட்டிக்குப் பெற்ற மகனை அடையாளம் தெரியவில்லை. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டார். எல்லாம் மயக்க ஊசி செய்த வேலை என்று வார்டு முழுக்கப் பேச்சு. என் கணக்கில் ஊசியைவிடப் பெரிய குற்றவாளி, பதினாறு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் போட்டது.

இத்தனைக்கும் விதி நமக்குத் தெரியாததல்ல. லேசான உணவுக்கு ஆறு மணி நேரம். தண்ணீர், பால் விடாத டீ என்றால் இரண்டே மணி நேரம். விலக்குகளும் தெரியும். ஆனால் நம் ஊரில் கஞ்சித் தண்ணியும் தண்ணீர்க் கணக்குத்தான். அதைப் பிரித்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அதைச் செலவழிக்க மனமில்லாமல்தான் 'ஒன்றும் கூடாது' என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம்.

தியேட்டரைத் தாண்டி நடப்பதையும் பார்ப்போம். 2019-இல் வெளியான விஷன் ஆய்வு, இதய அறுவை நீங்கலாக மற்ற அறுவைகள் செய்துகொண்ட, 45 வயதைத் தொட்ட அல்லது கடந்த 40,004 பேரை 14 நாடுகளில் பின்தொடர்ந்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 715 பேர். அதில் தியேட்டருக்குள் இறந்தவர்கள் ஐந்தே பேர். 500 பேர் வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இறந்தார்கள். 210 பேர் வீட்டுக்குப் போன பிறகு. பெரும் ரத்தப்போக்கு, செப்சிஸ், இதயத் தசைச் சேதம், இந்த மூன்றும்தான் முன்னால் நின்றன. இதயச் சேதம் பெரும்பாலும் நெஞ்சுவலி காட்டாமலே வரும்; நாம் கொடுக்கும் வலிமருந்தும் அதை மறைக்கும். நாம் கண்கொட்டாமல் மானிட்டரைப் பார்க்கும் இடத்தில் ஐந்து பேர், நாம் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய பிறகு 710 பேர். என் பாட்டி முப்பதாம் நாள் எப்படி இருந்தார்? நான் விசாரிக்கவே இல்லை.

ஸ்பைனல் மயக்கமா, ஜெனரல் மயக்கமா என்று டீக்கடை வரை இழுத்துச் சென்று சண்டை போட்டிருக்கிறோம். இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை வைத்து நடந்த ரீகெய்ன் ஆய்வு 2021-இல் வந்தது. அறுபதாம் நாள் உயிரோடிருப்பதிலும் நடப்பதிலும் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டின் ஹிப் அட்டாக் ஆய்வில், நோயாளியைச் சீக்கிரம் தியேட்டருக்குக் கொண்டுபோனதால் இறப்பு குறையவில்லை. ஆனால் மனக்குழப்பம் குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள். எந்த மயக்கம் என்ற அந்தப் பழைய சண்டையை இனி விட்டுவிடலாம்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. சிறுவாச்சூரில் அதற்கு முன்பே ஒரு தனியார் கல்லூரி உண்டு. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஓட வேண்டிய தேவை குறைந்துவருகிறது. ஆனால் தையல் பிரித்ததும் நம் நோயாளிகள் பஸ் ஏறி ஆண்டிமடத்துக்கும் வேப்பந்தட்டைக்கும் போய்விடுகிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள், பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு அதே தெருக்களில் நடக்கிறார்கள். அறுவை நடந்த தேதியையும், மூச்சிரைப்பு, காய்ச்சல், குழப்பம், புண்ணில் சீழ் இருக்கிறதா என்ற நாலு கேள்விகளையும் ஒரு சீட்டில் எழுதி அவர்கள் கையில் சேர்க்க முடியாதா? இதை அரசிடம் கேட்போம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நீங்கள் மயக்கம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் முப்பதாம் நாள் போன் போட்டு, கேட்டதை எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். என்னுடையதை நானும் கொண்டுவருகிறேன்.